வேக் தீவுக்கு வேலைக்குப் போனவர்கள்

யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சேனாதிபதிகளைப் பற்றி எழுதுவார்கள். அடுத்தபடியாகச் சிப்பாய்களைப் பற்றி எழுதுவார்கள். சிப்பாய் படுக்கும் கொட்டகையைக் கட்டிய தச்சனைப் பற்றியும், அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டவனைப் பற்றியும், அவனுடைய விமானம் இறங்குவதற்கு மண்ணைச் சமன்படுத்திக் கொடுத்தவனைப் பற்றியும் ஒரு வரி வந்தால் அதிகம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். சரித்திரப் புத்தகத்தைப் புரட்டும்போது அந்த ஒரு வரியில்தான் என் கண் போய் நின்றுவிடுகிறது. "சிப்பாய்கள் தவிர, ஒப்பந்தத் தொழிலாளிகள் சிலரும் அங்கே இருந்தார்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். நான் மேலே போக மாட்டேன். யார் அந்தச் சிலர்? எதற்காகப் போனார்கள்? போனவர்கள் வீடு திரும்பினார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனபோது என்னை வெகு நாள் விடாமல் பிடித்துக்கொண்ட இடம் வேக் தீவு.

பசிபிக் மகா சமுத்திரத்தில் ஹவாயிலிருந்து மேற்கே சுமார் 2,300 மைல் தூரத்தில் இருக்கிறது அது. குதிரை லாடத்தைப் போல வளைந்து கிடக்கும் மூன்று பவளத் திட்டுகள். வேக், வில்க்ஸ், பீல் என்று பெயர். மூன்றையும் சேர்த்தாலும் மூன்று சதுர மைல் தேறாது. மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் இருபது அடிதான். ஆறு இல்லை, ஊற்று இல்லை. மழை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டால் உண்டு. 1899-இல் அமெரிக்கா அங்கே கொடி ஏற்றியது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1935-இல் பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி, தண்ணீரில் இறங்கும் விமானங்கள் தங்கிப் போவதற்காக பீல் திட்டில் ஓர் இறங்குதுறையும் ஓட்டலும் அமைத்தது. அங்கே சமைக்கவும் பரிமாறவும் மூட்டை சுமக்கவும் குவாம் தீவிலிருந்து சமோரோ இனத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டுவந்து வைத்தது. வேக் தீவுக்குக் கூலிக்குப் போனவர்களின் கதை அவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

ஜப்பானோடு சண்டை வரக்கூடும் என்று தெரிந்ததும் அமெரிக்கக் கடற்படை விழித்துக்கொண்டது. வேக்கில் ஒரு விமானத் தளம் வேண்டும். அதைக் கட்டுவதற்கு அந்த நாளில் கடற்படையிடம் சொந்தத் தொழிலாளர் படை கிடையாது. ஆகவே பல கட்டடக் கம்பெனிகள் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவற்றில் ஒன்று ஐடஹோ மாகாணத்தின் பாய்சி நகரைச் சேர்ந்த மாரிசன்–நுட்சன் கம்பெனி. ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பெனிகளில் அதுவும் ஒன்று. 1941 ஜனவரியில் முதல் கோஷ்டி தீவில் இறங்கியது. அந்த வருஷக் கடைசியில் சுமார் 1,150 தொழிலாளிகள் அங்கே இருந்தார்கள்.

இவர்கள் யார் என்று பாருங்கள். தச்சர்கள், கொல்லர்கள், குழாய் வேலைக்காரர்கள், மண்வாரி யந்திரம் ஓட்டுகிறவர்கள், சமையற்காரர்கள், கணக்கெழுதும் குமாஸ்தாக்கள். 1930-களின் பஞ்ச காலத்தில் வேலையில்லாமல் தெருத்தெருவாக அலைந்த தலைமுறை. அணை கட்டும் இடத்திலிருந்து இன்னோர் அணைக்கு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் பலர். கல்லூரிச் சம்பளத்துக்குப் பணம் சேர்க்க வந்த பையன்களும் இருந்தார்கள். வேக்கில் சாப்பாடும் இருப்பிடமும் இனாம். சிப்பாயின் சம்பளத்தைவிடப் பல மடங்கு கூலி. செலவழிக்கக் கடை கிடையாது. ஒப்பந்தத்தை முடித்துவிட்டால் கையில் ரொக்கத்தோடு ஊருக்குத் திரும்பலாம். கடனை அடைக்கலாம், வீடு கட்டலாம், தங்கைக்குக் கல்யாணம் செய்யலாம். அக்கரைச் சீமைக்குக் கப்பல் ஏறிய மனிதர்களை அறிந்த நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோல் நிறம் வேறு; கணக்கு ஒன்றுதான்.

தீவில் சுமார் 450 கடற்படைத் துருப்பினரும் இருந்தார்கள். பீரங்கிக் குழிகளை அவர்கள் பெரும்பாலும் கையால் தோண்டினார்கள். பக்கத்திலேயே ஒப்பந்தக்காரரின் யந்திரங்கள் உறுமிக்கொண்டு வேறு வேலை பார்த்தன. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது விமானத் தளமே அல்லாமல் பீரங்கிக் குழி அல்ல. இந்த ஒரு சங்கதி அந்தத் தீவின் நிலைமையை எடுத்துக் காட்டிவிடும். ஒரே மணலில் இரண்டு சட்டங்கள். ஒருவன் அரசாங்கத்தின் ஆள். இன்னொருவன் கம்பெனியின் ஆள்.

1941 டிசம்பர் 8 மத்தியானம் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஹவாயில் அப்போது தேதி 7. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அதே நாள். தீவில் இருந்த பன்னிரண்டு சண்டை விமானங்களில் பெரும்பாலானவை தரையிலேயே எரிந்து போயின. பான் அமெரிக்கன் கம்பெனியின் பெரிய விமானம் ஒன்று குண்டு துளைத்த உடம்போடு தப்பிப் பிழைத்து நின்றது. அன்றே அது பயணிகளையும் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டது. நாற்பத்தைந்து சமோரோக்களில் சிலர் அதற்குள் செத்துக் கிடந்தார்கள், மற்றவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. கம்பெனியின் ஆட்களுக்குள்ளேயே, கோடு எந்த இடத்தில் கிழிக்கப்பட்டிருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு பதினைந்து நாள் சண்டை. தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? எல்லாரும் வீரர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. புதருக்குள் போய் ஒளிந்துகொண்டவர்கள் ஏராளம். துப்பாக்கி பிடிக்கக் கற்காத ஒரு தச்சன் குண்டு விழும்போது ஒளிந்துகொண்டால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் சில நூறு பேர் ஒளியவில்லை. பீரங்கிக் குண்டுகளை இரவெல்லாம் சுமந்தார்கள். பதுங்கு குழி வெட்டினார்கள். உடைந்த விமானங்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டி மறுபடி பறக்கச் செய்ய உதவினார்கள். பீல் திட்டில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியைப் பதினாறு தொழிலாளிகளே, ஒரு சார்ஜெண்டின் கீழ் பழகிக்கொண்டு, இயக்கினார்கள். லாட்டன் ஷாங்க் என்ற கம்பெனி டாக்டர், குண்டு விழுந்து எரிந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளையும் மருந்து சாமான்களையும் வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார். டிசம்பர் 11-ஆம் தேதி தரையிறங்க வந்த ஜப்பானியக் கப்பற்படை இரண்டு நாசகாரிக் கப்பல்களை இழந்து திரும்பிப் போயிற்று. டிசம்பர் 23-ஆம் தேதி மறுபடி வந்தது. அன்று தீவு சரணடைந்தது. உதவிக்குக் கிளம்பிய அமெரிக்கக் கப்பல்கள் பாதி வழியில் திருப்பி அழைக்கப்பட்டுவிட்டன. சண்டையில் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால் சிப்பாய்களைவிடத் தொழிலாளிகளே அதிகம்; எழுபது பேருக்குக் குறையாது.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. சீருடை அணியாதவன் ஆயுதம் எடுத்தால் பிடித்தவன் அவனை யுத்தக் கைதியாக நடத்த மறுக்கலாம். கொலைகாரன் என்று சுட்டும் விடலாம். 1929-இல் ஏற்பட்ட ஜினீவா ஒப்பந்தத்தில் படையோடு கூடச் செல்லும் ஒப்பந்தக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் பிடிபட்டால், கையில் அத்தாட்சிப் பத்திரம் இருக்குமானால், யுத்தக் கைதிகளாகவே நடத்தப்பட வேண்டும் என்று ஒரு ஷரத்து உண்டு. ஜப்பான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. பிறகு அதை உறுதி செய்யவில்லை. ஆகவே வேக் தீவின் தச்சன் எந்தக் காகிதத்தின் பாதுகாப்பிலும் இல்லை.

அமெரிக்கக் கடற்படை பாடம் படித்துக்கொண்டது. வேக் வீழ்ந்த சில நாட்களுக்குள், 1942 ஜனவரி 5-ஆம் தேதி, அட்மிரல் பென் மோரீல் கேட்டபடி, கட்டட வேலை தெரிந்தவர்களையே சீருடை கொடுத்துத் துப்பாக்கியும் கொடுத்துப் படையாகச் சேர்க்க அனுமதி வந்தது. ஸீபீ என்று பிரசித்தி பெற்ற கட்டுமானப் படை இப்படித்தான் பிறந்தது. பாடம் நல்ல பாடந்தான். ஆனால் எந்தத் தொழிலாளிகளின் கதியைப் பார்த்து அதைப் படித்தார்களோ அந்தத் தொழிலாளிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

1942 ஜனவரியில் கைதிகளில் பெரும்பாலோரைக் கப்பலில் ஏற்றி, ஷாங்காய் நகருக்கு அருகே இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 360 தொழிலாளிகளை மட்டும் தீவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். காரணம் சுலபமானது. தளம் பாதி கட்டியபடி கிடந்தது. யந்திரங்கள் இருந்தன, அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் இவர்கள். ஆகவே இவர்கள் மறுபடி வேலைக்குப் போனார்கள். நேற்றுவரை ஓட்டிய அதே மண்வாரி யந்திரம், அதே ஓடுபாதை, அதே வெயில். எஜமான் மாத்திரம் வேறு. கூலி கிடையாது. ஜப்பானியர்களுக்காகப் பதுங்கு குழியும் அரணும் கட்டினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் 265 பேரை ஜப்பானுக்கு ஏற்றிக்கொண்டு போய் ஓர் அணை கட்டும் வேலையில் போட்டார்கள். இடையில் சிலர் செத்துப் போனார்கள். 1943-இல் தீவில் மிஞ்சியவர்கள் 98 பேர். டாக்டர் ஷாங்கும் அவர்களோடு இருந்தார்.

1943 அக்டோபர் 5, 6 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் பெரும் கூட்டமாக வந்து தீவைத் தாக்கின. தன் நாட்டு விமானம் தலைக்கு மேல் வருவதைப் பார்த்தபோது அந்த 98 பேரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். குண்டு அவர்கள் மேலும் விழலாம். ஆனாலும் ஊர் தங்களை மறந்துவிடவில்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஜப்பானியத் தளபதி சகாய்பாரா, அமெரிக்கர் தரையிறங்கப் போகிறார்கள் என்று பயந்தார். அக்டோபர் 7-ஆம் தேதி அவர் உத்தரவுப்படி 98 பேரையும் வடகரைக்குக் கொண்டுபோய், கண்ணைக் கட்டி, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள்.

ஒருவர் தப்பிவிட்டார். அவர் பெயர் இன்றுவரை தெரியாது. தீவிலிருந்து வெளியே போக வழி ஏது? சில நாள் ஒளிந்து திரிந்தார். அந்த நாட்களில் உள்கடலின் ஓரத்தில் கிடந்த பவளப் பாறை ஒன்றில் சில எழுத்துக்களைச் செதுக்கினார். பிடிபட்டார். சகாய்பாராவே தம் வாளால் அவர் தலையை வெட்டினார். பாறை இன்னும் அங்கே இருக்கிறது. அதில் உள்ளது இவ்வளவுதான்: "98 அமெரிக்க யுத்தக் கைதிகள், 5-10-43." கொலை நடந்த தேதி 7, பாறையில் இருப்பது 5.

நான் தேதியைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. யுத்தக் கைதிகள் என்ற பதத்தைப் பற்றியே யோசிக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. உயிருக்கு ஓடிக்கொண்டிருப்பவன், கல்லில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் நேரம் மிச்சம் என்று எண்ணும் நிலையில் இருப்பவன், தன் பெயரைக் கூடச் செதுக்கவில்லை. இந்த இரண்டு எழுத்துக்களைச் செதுக்கினான். தச்சர் என்றோ தொழிலாளிகள் என்றோ கம்பெனி ஆட்கள் என்றோ போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் யுத்தக் கைதிகள் என்று சொன்னான். எந்தச் சட்டமும் திட்டமாகச் சொல்லத் தயங்கிய ஒன்றை அவன் கல்லில் எழுதிவிட்டுச் செத்தான்.

1945 செப்டம்பரில் தீவு சரணடைந்தபோது, கைதிகள் அமெரிக்கக் குண்டு வீச்சில் இறந்தார்கள் என்றே ஜப்பானியர் முதலில் சொன்னார்கள். பிறகு உண்மை வெளிவந்தது. சகாய்பாரா 1947 ஜூன் மாதம் குவாமில் தூக்கிலிடப்பட்டார். ஹானலூலுவில் உள்ள தேசிய மயானத்தில் வேக் தீவில் கிடைத்த எலும்புகள் பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. டாக்டர் ஷாங்குக்கு இறந்த பிறகு கடற்படைச் சிலுவை என்ற விருது கிடைத்தது. சிப்பாய் அல்லாத ஒருவருக்கு அது கிடைப்பது மிக அபூர்வம்.

உயிரோடு திரும்பியவர்கள் கதை வேறு விதம். சிப்பாய் பிடிபட்டால் அவன் சம்பளம் பேரேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். இறந்தால் மனைவிக்கு உதவித் தொகை உண்டு. தொழிலாளிக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. வெளிநாட்டு ராணுவத் தளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நஷ்ட ஈடு தரும் சட்டம் ஒன்று 1941 ஆகஸ்ட் மாதந்தான் பிறந்திருந்தது. ஒப்பந்தக்காரர் தம் ஆட்களை இன்ஷ்யூர் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எதிரியிடம் பிடிபட்டுக் கிடப்பதையும் கணக்கில் சேர்த்து 1942 டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. உதவி வந்தது, ஆனால் அந்தஸ்து வரவில்லை. நீங்கள் அந்த யுத்தத்தில் சேவை செய்தீர்களா என்று கேட்டால் "இல்லை, வேலை பார்த்தேன்" என்றே அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. 1977-இல் வந்த ஒரு சட்டத்தின் பேரில், 1981-இல், வேக் தீவின் பாதுகாப்பில் பங்கு கொண்ட தொழிலாளிகளை யுத்த சேவை செய்தவர்களாக அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. விமானம் ஏற்றிக்கொள்ளாமல் விட்டுப்போன சமோரோக்களுக்கு அதே அங்கீகாரம் 1982-இல் வந்தது. சண்டை நடந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. இருபது வயதில் பீரங்கிக் குண்டு சுமந்தவனுக்கு அறுபது வயது. நாற்பதில் சுமந்தவன் பெரும்பாலும் போய்விட்டிருப்பான்.

இதைப் படிக்கும் தமிழர் மனத்தில் இன்னொரு ரயில் பாதை ஓடாமல் இராது. அந்த 98 பேர் கடற்கரையில் விழுந்த பத்தாம் நாள், 1943 அக்டோபர் 17-ஆம் தேதி, அதே ஜப்பானிய ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளை இணைத்தது. மலாய்த் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி என்று சொல்லியும், பிறகு பலவந்தமாகவும் அந்தக் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக இறந்தார்கள். அவர்களோடு வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன; சிப்பாய்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. கூலிக்காரனுக்குப் பட்டியல் இல்லை. வேக் தீவின் தொழிலாளிக்கு நாற்பது வருஷம் கழித்தாவது கணக்குத் தீர்ந்தது என்றால், அதற்குக் காரணம் அவனைத் தேடிக் கேட்க ஒரு தேசமும், பெயர் எழுதிய ஒரு கம்பெனிப் பேரேடும் இருந்தது. பேரேட்டில் பெயர் இல்லாதவன் இரண்டு முறை சாகிறான்.

அந்தச் சட்டம் மட்டும் சாகவில்லை. மாரிசன்–நுட்சன் கம்பெனி மறுபடி ஒரு கூட்டில் சேர்ந்து, 1962 முதல் 1972 வரையில் வியட்நாமில் துறைமுகங்களும் விமானத் தளங்களும் கட்டியது; வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். பிறகு இராக் வந்தது. 2004 ஆகஸ்டில் பன்னிரண்டு நேபாள இளைஞர்கள் இராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஜோர்டானில் ஓட்டல் வேலை என்று சொல்லி அழைத்துப்போய், அங்கிருந்து ஓர் அமெரிக்கத் தளத்துக்கு அனுப்பப்பட்ட வழியில் பிடிபட்டவர்கள் அவர்கள். காட்மாண்டு நகரத்தில் கலகம் மூண்டது. அந்தக் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 2008-இல் அமெரிக்க நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். எந்தச் சட்டத்தின் பேரில் என்றால், 1941 ஆகஸ்டில் பிறந்த அதே சட்டத்தின் பேரில். வேக் தீவின் தச்சர்களுக்காக இருந்த சட்டம் இமயமலை அடிவாரத்து விவசாயியின் வீட்டுக் கதவை அறுபத்தேழு வருஷம் கழித்துத் தட்டியது. தட்டியது நல்லதுதான். ஆனால் வழக்குப் போடத் தெரியாத வீட்டின் கதவை அது தானாகத் தட்டுவதில்லை.

"இத்தனை தெரிந்தும் ஏன் போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முறை போய்விட்டு வந்தவன் மறுமுறையும் போகிறானே, அவனைப் பேராசைக்காரன் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. ஊரில் பாதிக் கூலிக்கு வேலை கிடைக்குமா என்பதே நிச்சயம் இல்லாதவன், அக்கரையில் முழுக் கூலிக்கு ஆபத்தை விலை பேசுகிறான். அவன் கணக்கில் தப்பு இல்லை. அவனுடைய கணக்கை வைத்துக்கொண்டு மேலே இருக்கிறவர்கள் போடும் கணக்கில்தான் தப்பு இருக்கிறது. ஆள் வேண்டும்போது அவன் படையோடு சேர்த்தி. ஆள் செத்தபோது அவன் கம்பெனியோடு சேர்த்தி. யுத்தத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகையில் போடும்போது சிப்பாயை எண்ணுகிறார்கள். தொழிலாளியை எண்ணினால் யுத்தத்தின் விலை ஜனங்களுக்குச் சரியாகத் தெரிந்துவிடும் அல்லவா?

வேக் தீவு இப்போதும் அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஒரு பெரும் புயல் வருவதற்கு முன்பு அங்கிருந்த 188 பேரையும் விமானத்தில் ஏற்றி ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. புயல் கூரைகளைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போன பிறகு, தொழிலாளிகள் மறுபடி வேலைக்குப் போனார்கள். அண்மைக் காலத்தில் தீவில் இருப்பவர்கள் ஏறக்குறைய நூறு பேர். பெரும்பாலோர் சிப்பாய்கள் அல்லர், ஒப்பந்தத் தொழிலாளிகள். அவர்களில் பலர் தாய்லாந்து தேசத்தவர். ஓடுபாதையைப் பழுது பார்க்கிறார்கள்; மின்சார யந்திரத்தைக் கவனிக்கிறார்கள்; சமைக்கிறார்கள்; மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் கொட்டகைகளிலிருந்து அந்தப் பவளப் பாறை அதிக தூரம் இல்லை.